சமையல் ஆயா மேல் ஒரு புகார்

“என்கிட்ட எதுக்குடி ஓடி வர்ற? போ அந்தப் பக்கம்!”

சமையல் ஆயா தள்ளிவிட்ட வேகத்தில் பொடிசு இரண்டடி பின்னால் போய் நின்றது. ஐந்து வயது. விளையாட்டில் விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய சமையலறைக்கு ஓடி வந்த பிள்ளையை ஒரு பொம்பளை இப்படியா விரட்டுவாள்!

ஜன்னலுக்கு வெளியே சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷ்ஷை டப்பாவுக்குள் எறிந்துவிட்டு உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கடல் தாண்டி இந்த விடுதிக்கு ஊழியம் செய்ய வந்திருக்கும் கிறிஸ்தவ சபை வாலிபர் சங்கத்தின் செயலாளர் அவள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், முதுகில் கொட்டை எழுத்தில் ‘அன்பின் கரங்கள்’. மூன்று நாளாக ஒரே சுவருக்குத்தான் வண்ணம் பூசுகிறார்கள். அதிலும் பாதி டீ-ஷர்ட்டில்தான் இருந்தது. வேற்று நாடானாலும் பேச்சு நம் பேச்சுதான் என்பது ஒரு வசதி. சண்டை போடவும் வசதி.

“தாய் தகப்பன் ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இங்க இடம். ஒருத்தர் இருந்தாக்கூடச் சேர்க்க மாட்டோம். உங்க சபை போட்ட நிபந்தனையாச்சே!” என்று நிர்வாகி முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒரு மிட்டாயாவது எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் இந்த ஆயா விரட்டுகிறாள். இது முதல் தடவையும் இல்லை. பொடிசுக்கும் ரோஷமே கிடையாது. தூக்கிக் கொஞ்சப் பன்னிரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அது அத்தனை பேரையும் தாண்டிப் போய் இந்தக் கடுவன் மூஞ்சியிடமே நிற்கும். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்.

“ஏங்க, நீங்க மனுஷிதானா? பச்சைப் பிள்ளையை இப்படித் தள்றீங்களே!”

“முப்பது பேருக்கு ஆக்கணும்” என்றாள் ஆயா, அரிசியைக் களைந்தபடியே. “ஒவ்வொண்ணையும் மடியில வச்சுக் கொஞ்ச எனக்கு நேரமில்லை.”

“கொஞ்ச வேணாம். ஒரு துணியை நனைச்சுத் துடைச்சு விட்டா கை தேஞ்சா போயிடும்? அம்மா இல்லாத பிள்ளைன்னு இளக்காரமா?”

அரிசிக்குள் கை அப்படியே நின்றது. ஆயா நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க நாளைக் கழிச்சு விமானம் ஏறிடுவீங்க. வந்த வேலையைப் பார்த்துட்டுப் போங்க.”

எவ்வளவு திமிர்! செயலாளர் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே நிர்வாகியின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவும் இல்லை.

“ஒண்ணு, அந்த ஆயா இங்க இருக்கணும். இல்லேன்னா எங்க சபையோட உதவி இருக்கணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

நிர்வாகிக்குக் குப்பென்று வியர்த்தது. “நல்லா சமைக்கிறவம்மா. ஒரு நாள் கூட மட்டம் போட்டதில்லை. லீவு குடுத்தாலும் வீட்டுக்குப் போகாம இங்கயேதான் சுத்திக்கிட்டிருப்பா.”

“அப்போ லீவுலயும் பிள்ளைங்களுக்கு விடிவு காலம் இல்லையா?”

நிர்வாகி எழுந்து வாசலுக்குப் போனார். ஆயாவைக் கூப்பிட்டு, இன்றோடு வேலை இல்லை என்று சொன்னார். விறைப்பாக வந்தவள் ஒரே நிமிஷத்தில் ஆளே மாறிப்போனாள்.

“ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. இனிமே தொட மாட்டேன், திட்ட மாட்டேன். சமைக்க வேணாம்னா பாத்திரம் கழுவுறேன், கக்கூஸ் கழுவுறேன். இந்த வாசலுக்குள்ள இருந்தாப் போதும்யா.”

நிர்வாகி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொடிசின் முழங்காலைப் பார்த்தாள். ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. இரக்கப்படுகிற நேரமா இது!

“முடியாது” என்றாள்.

ஆயா ஒரு துணிப்பையோடு முற்றத்தைக் கடந்து போனாள். வாலிபர் சங்கம் மொத்தமும் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. “சபாஷ்க்கா! இப்படித்தான் கேட்கணும்” என்றான் ஒருவன். முழங்காலில் புது பிளாஸ்திரியோடு செயலாளரின் இடுப்பில் இருந்த பொடிசு மட்டும் நெளிந்துகொண்டே இருந்தது.

ஆயா கேட்டைத் திறந்தாள். வெளியே ஒரு காலை வைத்தவள், அப்படியே நின்றாள். பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்து செயலாளரின் எதிரே இரண்டு கையையும் நீட்டினாள். பொடிசு ஒரே தாவாகத் தாவிவிட்டது.

“ஏய், பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போற?” என்று நிர்வாகி ஓடி வந்தார்.

செயலாளர் ஆயாவின் வழியை மறித்துக்கொண்டு கத்தினாள். “இறக்கி விடுங்க அவளை! அதான் வேலை போயிடுச்சே, இன்னும் உங்களுக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?”

ஆயா பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். பொடிசுதான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டது.

“அம்மா, இனிமே உன்னை ஆயான்னு கூப்பிட வேணாமில்ல?”