காற்று நிற்காத கம்ப்ரசர்

"இந்த வாரத்துல கம்ப்ரசர் நிக்கிறது இது நாலாவது தடவை. இன்னைக்கும் சரியாகலைன்னா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார் சூப்பர்வைசர்.

மெக்கானிக் கம்ப்ரசர் பொருத்திய லாரியில் ஏறினான். கம்ப்ரசரின் ரிலீஸ் வால்வு வழக்கம்போலக் காற்றையெல்லாம் வெளியே விட்டிருந்தது. அந்தக் காற்றில் அதிர்ந்து ஓடும் துளைக்கருவியால் பாறை உடைக்கிறவர்கள் லாரி நிழலில் சாய்ந்திருந்தார்கள். ஒருவருக்கு டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நடுங்கியது.

வால்வில் பழுதே இல்லை. யாரோ ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்தியிருந்தார்கள்.

இன்று ஆளைப் பிடித்தே தீருவது என்று, நட்டை இறுக்கிவிட்டுக் கிளம்புவதுபோலக் கிளம்பி, மண்மேட்டுக்குப் பின்னால் காத்திருந்தான். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்பேனரோடு லாரியில் ஏறியவர் சூப்பர்வைசர்.

"சார், நீங்களா?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மெஷின் நின்னாத்தான் இவங்க உட்காரலாம்னு ஆபீஸ் உத்தரவுப்பா. கையைப் பார்த்தியா, எப்படி நடுங்குது? உன் வேலைக்கு உலை வைக்கிறோமேன்னு எனக்கும் உறுத்தலாத்தான் இருந்தது."

மெக்கானிக் ரிப்போர்ட்டை எடுத்து எழுதினான்: 'வால்வு சூடாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் மெஷினை நிறுத்தவும்.'

"கையெழுத்துப் போடுங்க சார். இனிமே நானும் வர வேண்டாம், நீங்களும் ஏற வேண்டாம்."