பிரவீணாவின் வைவா

"இந்தப் பொண்ணு வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும்."

பார்த்த மாத்திரத்திலேயே முடிவு கட்டிவிட்டார் பேராசிரியர் செல்லதுரை.

பெரம்பலூரில் ஒரு காலேஜ். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில். ஆய்வேட்டை எழுதியவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் வைவா. கேள்வி கேட்க அரியலூரிலிருந்து வந்திருந்தார் அவர். எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டார்கள், இந்த பேட்ச்தான் கடைசி. இதில் கோட்டைவிட்டால் மறுபடி எழுதவும் வழியில்லை.

மைக்கைப் பிடித்திருந்த பிரவீணாவின் கை வெடவெடவென்று நடுங்கியது. வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கடைசி பெஞ்சில் அவள் அம்மா கலியம்மாள். கூடவே தெருக்காரப் பெண்கள் நாலைந்து பேர். மக்காச்சோளக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

ஆப்பிரிக்க நாவல்களில் வயல் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள் பிரவீணா. படித்தபோது செல்லதுரைக்கே ஆச்சரியம். அப்படி ஒரு இங்கிலீஷ்!

'கைடு நந்தினி மேடம் எழுதிக் கொடுத்திருப்பாங்க' என்று அப்போதே நினைத்துக்கொண்டார். அதில் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஊர் உலகத்தில் நடக்காததா?

அவரும் கீழப்பழுவூரில் மாட்டுச் சாணம் அள்ளிவிட்டுக் காலேஜுக்குப் போனவர்தான். அவருடைய வைவாவில், "என்ன சொல்றீங்க, புரியலையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டே மானத்தை வாங்கிவிட்டார் ஒரு மெட்ராஸ் புரொபசர். ஹாலே சிரித்தது. ஒன்றும் புரியாமல், கூட வந்திருந்த அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அது இன்னும் ஆறவில்லை அவருக்கு.

இந்தப் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது. நடக்க விடமாட்டேன்.

"குட் மார்னிங். ரெஸ்பெக்டட்..." என்று ஆரம்பித்தாள் பிரவீணா.

"இரும்மா, இரும்மா. பதட்டப்படாதே. நானே சொல்றேன். சரியான்னு மட்டும் தலையாட்டு, போதும்."

ஆய்வேட்டை முதலிலிருந்து கடைசி வரை அவரே விளக்கினார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நடுவில் சபை குலுங்க ஒரு ஜோக். பிரவீணா தலையாட்டினாள்.

"சார், அந்த மூணாவது சாப்டர்ல ஒண்ணு..."

"படிச்சிட்டேம்மா. பிரமாதம். நீ உக்காரு."

முன்வரிசையில் இருந்த நந்தினி மேடம் எழுந்திருக்கப் பார்த்தார். 'கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்' என்பதுபோல் கையமர்த்தினார் செல்லதுரை.

"பிரவீணா எம்.ஃபில். பட்டத்துக்குத் தகுதி பெற்றார்!" என்று இங்கிலீஷில் அறிவித்தார். ஒரே கைத்தட்டல். சால்வை, போட்டோ, ஆளுக்கொரு தட்டில் லட்டும் மிக்சரும். கூட்டம் கலைந்தது.

டிபார்ட்மென்ட் ரூமில் டீ வந்தது. ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்ட திருப்தியோடு அதை உறிஞ்சினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார்" என்றார் நந்தினி மேடம். "அவளை ஏன் பேசவே விடல?"

"பாவம் மேடம். கை நடுங்குச்சு பாத்தீங்களா? பேசியிருந்தா உளறியிருப்பா. நீங்க எழுதிக் கொடுத்ததை அவ எப்படி..."

"நான் எழுதிக் கொடுத்ததா?" கப்பைக் கீழே வைத்தார் மேடம். "ஒரு வரிகூட நான் எழுதல சார். அவ அளவுக்கு இங்கிலீஷ் பேச எங்க டிபார்ட்மென்ட்ல ஆள் கிடையாது. ரெண்டு நிமிஷம் போனா நடுக்கம் தானா நின்னுடும். எப்பவும் அப்படித்தான். இந்த ஒரு நாளுக்காகத்தான் சார் அவ காத்துக்கிட்டிருந்தா."

பாதி டீயோடு கப்பைத் தள்ளி வைத்தார் செல்லதுரை.

சேலையையும் ஊரையும் நடுங்கிய கையையும் பார்த்துத்தானே முடிவு கட்டினோம்? அந்த மெட்ராஸ்காரராவது பேசவிட்டுத்தான் சிரித்தார். நாம் பேசவே விடவில்லையே! நினைக்க நினைக்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தார்.

பிரவீணா இல்லை. கீழே மற்ற பேராசிரியர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசி பெஞ்சில் மட்டும் கலியம்மாளும் அந்தப் பெண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லட்டுத் தட்டை யாரும் தொட்டிருக்கவில்லை.

அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்கம்மா. ஏன், ஊருக்குக் கெளம்பலையா?"

"இல்லீங்க சார்" என்று சிரித்தாள் கலியம்மாள். "பாப்பா வூட்டுல ஒண்டியா இங்கிலீசுல பேசிக்கிட்டே கெடக்கும். நான் உள்ள போனா வெக்கப்பட்டு நிறுத்திப்புடும். 'வைவா அன்னிக்கு காலேசுக்கு வா, எல்லாருக்கும் முன்னாடி பேசுறேன், ஆசை தீரக் கேளு'ன்னுச்சு. அதான் இவங்களையும் கூட்டியாந்தேன்."



"நீங்க பேசுனது ரொம்ப நல்லாருந்துச்சுங்க சார்" என்ற கலியம்மாள், காலி மேடையை ஒருதரம் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டாள்.

"எம் பொண்ணு எப்பங்க சார் பேசும்?"