பஸால் உடைத்த வால்

"மடக்!"

மீராமுகைதீன் மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த விமானத்தின் வால், பஸாலின் கையோடு வந்துவிட்டது.

"படைச்சவனே! என்ன வேலடா பாத்தாய்?" என்று அலறினார் மீராமுகைதீன்.

கல்முனைக் கடற்கரையில் அன்று ரிமோட் விமானம் விடும் நாள். எந்த விமானமும் மேலே ஏறுமுன், இறக்கையிலும் வாலிலும் அசைகிற தட்டுகளை எல்லாம் பஸால் இழுத்துப் பார்ப்பார். தட்டைப் பிடித்து அசையவிடும் கீலான பிணைச்சல் ஆகாயத்தில் கழன்றால் விமானம் கூட்டத்தின் தலையில்தான் விழும். அதனால் அவர் சரி என்றால்தான் பறக்கலாம்.

ஆனால் மனிதருக்கு வாயும் முரடு, கையும் முரடு. போன வருடம் ஒரு டாக்டரின் விமானத்தையே, "இத ஷோகேஸ்ல வைங்க டாக்டர், பறக்க விடாதீங்க" என்று திருப்பி அனுப்பியவர். அவரைக் கண்டாலே பலருக்கு எரிச்சல்.

இன்று உடைந்த வாலிலோ ஒரு குடும்பத்தின் மானமே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பிணைச்சல் போட்டவர் மீராமுகைதீனின் புது மருமகன் அர்ஷாத்.

பொத்துவிலிலிருந்து மாப்பிள்ளையாக வந்து, பெண் வீட்டில் குடியேறி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் தண்ணீர் மோட்டரைத் திருத்துகிறேன் என்று போய் அதை எரித்துவிட்டார் அர்ஷாத். மச்சான்மாருக்கு அன்றிலிருந்து சிரிப்புத்தான்.

அந்த வாய்களை அடைக்கத்தான் மாமனார் பிணைச்சல் வேலையை மருமகனிடம் கொடுத்தார். டேப் ஒட்டுவதா, துணி ஒட்டுவதா, நைலோன் பிணைச்சலா என்று மூன்று நாள் மண்டையை உடைத்து, கடைசியில் நைலோனைத் தெரிவு செய்து, நகத்தளவு பிணைச்சல் மூன்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொருத்தினார் அர்ஷாத்.

"பிணைச்சல் நம்மட மருமகன்ட வேல!" என்று காலையிலிருந்து கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மாமனார்.

இப்போது மூத்த மச்சான் மெதுவாக அர்ஷாத்தின் பக்கம் திரும்பினார். "என்ன, பிணைச்சல் கழண்டிட்டா?"

அர்ஷாத் அவசரமாகத் துண்டை எட்டிப் பார்த்தார்.

"பிணைச்சலுக்கு என்ன? மரம்தான் உடைஞ்சிரிக்கி. உடைச்சது நான்" என்றார் பஸால், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "என்ட கை கொஞ்சம் கூடிப் போச்சு."

பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. தட்டும், அதைத் தாங்கிய மரமும் ஒன்றாகவே பிய்ந்து வந்திருந்தன.

"அந்தத் துண்டக் கொண்டாங்க, பாப்பம்" என்றார் மச்சான்.

"தர ஏலாது. நான் உடைச்சத நானே ஒட்டித் தாறன். நாளைக்குக் காலைல வந்து எடுங்க."

துண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த விமானத்துக்குப் போய்விட்டார் பஸால்.

"உடைச்சதும் இல்லாம கொண்டும் போறான்! இவனெல்லாம் ஒரு மனிசனா?" என்று கூட்டம் கூவியது. அடுத்த முறை சோதனைக்கு வேறு ஆளைப் போடுவது என்று அங்கேயே முடிவும் ஆகிவிட்டது.

மீராமுகைதீன் மட்டும் மருமகனின் தோளில் கை போட்டார். "பாத்தீங்களா மகன்? அந்த முரடன் இழுத்த இழுப்புக்கு மரமே பிய்ஞ்சிட்டு. நீங்க போட்ட பிணைச்சல் அசையல்ல!"

மச்சான்மார் முதல் தடவையாக அர்ஷாத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அந்தத் தைரியத்தோடுதான் மறுநாள் காலை பஸாலின் வீட்டுப் படியேறினார் அர்ஷாத்.

"மாமாட மூணு மாசத்து உழைப்பு. உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இரிக்கா?"

பஸால் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பிணைச்சலை இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கவே தேவைப்படவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. மற்ற இரண்டும் அப்படியே. மூன்றிலும் வசலின் மினுங்கியது.

அர்ஷாத் ஒரு பிணைச்சலைக் கையில் எடுத்தார். "பசை பட்டா பிணைச்சல் மடங்காம இறுகிடும் எண்டு பயந்து... முழுக்கப் பூசிட்டன்."

"நடுவில இரிக்கிற ஊசிக்கு மட்டும்தான் பூசணும். முழுக்கப் பூசினா பசை எதுல புடிக்கும்? நேத்து நான் லேசாத் தொட்டதும் தட்டு தனியக் கழண்டு வரப் பாத்திச்சு. அதுக்குள்ள வேணுமெண்டே மரத்தோட சேத்து உடைச்சிட்டன்."

"கழருது எண்டு அங்கேயே சொல்லியிரிக்கலாமே! எல்லாரும் உங்களத்தானே ஏசினாங்க?"

புதிய பிணைச்சல் மூன்றை எடுத்து அர்ஷாத்தின் உள்ளங்கையில் வைத்தார் பஸால்.

"என்னை ஏசினா ரெண்டு நாளைல மறந்திடுவாங்க. உங்கள ஏசினா, அந்த வீட்டுல சோத்துல கை வைக்கிற நேரமெல்லாம் அது கேக்கும் தம்பி. நானும் ஒலுவில்ல இருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்தவன்தான்."