பயந்த கால்

பிரேக் பேடு உள்ளங்கையில் கிடந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

வழுக்கியது.

வழுக்கக் கூடாது. ஓடித் தேய்ந்த பேடு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். இது கண்ணாடி போல மின்னியது. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

சக்கரம் கழற்றிய இடத்தில் குனிந்து பார்த்தாள். பேடு கவ்வுகிற இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தது. சூடு தாளாமல் ஏறுகிற நீலம்.

போர்டிகோவில் கார் ஜாக்கியின் மேல் நின்றது. வீட்டுக்குள் கணவனும் கொழுந்தனும் பிரியாணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இன்று போல, காரை ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டுபோவார்கள். மற்ற நாளெல்லாம் ஆபீசுக்கும் காய்கறி வாங்கவும் அதே கார்தான்.

பிரேக் கத்துது, என்னன்னு பாரு கண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் படுத்தான்.

பேடு மாற்றுவது எப்போதும் அவள்தான். பேடு கம்பெனியில் ஆறு வருடமாகத் தரம் பார்ப்பவள்.

தடிமன் அளக்க வெர்னியரை வைத்தாள்.

நான்கு மில்லிமீட்டர். ஆறு வாரத்துக்கு முன் மாட்டும்போது பன்னிரண்டு. அதற்குப் பிறகு இரண்டே முறைதான் ட்ராக்குக்குப் போயிருக்கிறது.

கணவனின் கால் அவளுக்குத் தெரியும். வளைவு கிட்டே வரும்வரை பிரேக்கைத் தொடமாட்டான். மிதித்தால் ஒரே மிதி. உடனே விட்டுவிடுவான். அவன் தேய்த்த பேடு அரை வருடம் தாங்கும்.

இது அந்தக் கால் இல்லை.

இது வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கில் ஏறி, வளைவு முடிந்தும் இறங்காத கால். லேசாக, நீளமாக அழுத்திக்கொண்டே இருக்கிற கால். பேடு ஆறுவதற்கு நேரம் கொடுக்காத கால்.

பயந்த கால்.

அந்தக் காலும் அவளுக்குத் தெரியும்.

கொழுந்தன் மிதுனுக்கு இதே காரில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு மாதம். காலை எடு மிதுன், பிரேக் என்ன கால் வெக்கிற பலகையா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

எடுத்துட்டனுங்க அண்ணி என்பான்.

எடுத்திருக்க மாட்டான்.

மூன்று வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ட்ராக்கில் ஒரே ஒரு சுற்று நானும் ஓட்டுகிறேன் என்று.

ஒரு வண்டிக்கு ஒரே ஆள்தான், ரூல்ஸ் என்றான் கணவன். இல்லாவிட்டால் உன்னை விடமாட்டேனா என்றும் சொன்னான். கேட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்றான் மிதுன். தான் சும்மா நேரம் குறிக்கத்தான் கூடப் போவதாகவும்.

ரூல்ஸ் என்றால் அவள் அதற்கு மேல் கேட்கமாட்டாள். கம்பெனியில் அவள் பிழைப்பே அதுதான்.

தட்டை உப்புத்தாளால் தேய்த்தாள். புது பேடுகளை மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கியை இறக்கினாள். பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கினாள்.

புது பேடைப் பழக்க வேண்டும். பைபாஸில் வேகமெடுத்து, அழுத்தி, வண்டி நிற்பதற்குள் விட்டு, மறுபடி வேகமெடுத்து. எட்டுத் தடவை. அதுவும் அவள்தான் செய்வாள். அந்தக் காரில் அவளுக்குக் கிடைத்த வேகம் அவ்வளவுதான்.

பைபாஸில் எட்டாவது முறையும் அழுத்தி, காலை எடுத்தாள்.

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ட்ராக் கேட்டில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தது. செருப்புடன் ஓட்ட அனுமதி இல்லை.

இரண்டு முறை படித்தாள். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள்.

உள்ளே பதிவு மேசையில் இருந்தவரிடம் வண்டி எண்ணைச் சொன்னாள். ஒரு வண்டியை எத்தனை பேர் ஓட்டலாம் என்று கேட்டாள்.

"மூணு பேரு வரைக்கும் ஓட்டலாமுங்க. இதுல ரெண்டு பேரு இருக்காங்களே."

நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

முதல் கோட்டில் கணவன் பெயர். இரண்டாவதில் மிதுன். இரண்டும் கணவனின் கையெழுத்து. இன்று காலையும் அப்படி. போன மாதமும் அப்படி.

பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். அதற்கு முந்தைய மாதங்களில் கணவன் பெயர் மட்டும்தான். கீழே இரண்டு கோடு காலி. மூன்று வருடமாகக் காலி.

நாலு மணிக்கு ஒரு சுற்று விடுவார்கள், ஹெல்மெட் இங்கேயே கிடைக்கும், ஷூ மட்டும் போட்டு வாருங்கள் என்றார் அவர். அவள் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காலில் வீட்டுச் செருப்பு.

மூன்றாவது கோட்டில் தன் பெயரை எழுதினாள்.

டிக்கியைத் திறந்தாள். இரண்டு ஜோடி ஷூ இருந்தது.

மிதுனுடையதை எடுத்தாள். விரலுக்கு முன்னால் இடம் மிச்சமிருந்தது.

லேஸை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.