பிடிக்க மாட்டேன்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பாதியிலேயே படிப்பை விட்டவள் நான். இதில் ஒரு வார்த்தை மாறினாலும் கதையே கெட்டுவிடும். அந்த வார்த்தையை நானே ஒரு முறை தப்பாகத்தான் கேட்டேன்.

எங்களுக்கு இருப்பது ஒரு வண்டி, ஒரு குதிரை. கறுப்பி என்று கூப்பிடுவோம். ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போவது என் வீட்டுக்காரரின் தொழில். கொழுந்தனுக்கும் அதே தொழில்தான். அவன் குதிரையும் எங்கள் கொட்டகையிலேயே, ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

அடுத்த தெருக் கொட்டகையில் குதிரைகள் இருமத் தொடங்கின. மூக்கில் சளி, காய்ச்சல், தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயதான குதிரை ஒன்று செத்தும் போனது. கால்நடை டாக்டரம்மா கொட்டகை கொட்டகையாக வந்து, நோய் தொற்றாத குதிரைகளுக்கு உடனே தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று சொன்னார்.

சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிரவே இல்லை.

"ஊசிக்கு நான் பிடிக்க மாட்டேன்."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கறுப்பியின் தலையைப் பிடித்து நிறுத்துவது எப்போதும் அவர்தான். டாக்டரம்மா பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முன்பு எங்களிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. ஊசி போட்ட சில நாளில் வயிறு உப்பிச் செத்துப்போனது. அது குடல் முறுக்கிக்கொண்டதால் வந்த சாவு, ஊசியால் இல்லை என்று டாக்டரம்மா அப்போதே விளக்கிச் சொன்னார். எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்குப் புரிந்ததா என்று கேட்கிற தைரியம்தான் எனக்கு வரவில்லை.

தினமும் அவரிடம் புலம்பினேன். கறுப்பி தும்மினால் ஓடிப்போய் மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். கறுப்பி படுத்துவிட்டால் எங்கள் அடுப்பும் படுத்துவிடும். கொழுந்தனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"அண்ணன் வேண்டாம்னா வேண்டாம்தான். டாக்டரம்மாகிட்டச் சொல்லி உங்களுக்கு ஒரு ஊசி போட்டுடலாமா அண்ணி? பயமாவது போகும்."

ஒரு நாள் காலையில் சாணி அள்ளப் போனேன். கொழுந்தனின் குதிரைக்கு முன்னால் தீனி வாளி ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கழுத்தில் ஊசி போட்டால் குதிரைக்கு இரண்டொரு நாள் அந்த இடம் வலிக்கும், தலையைக் குனிய முடியாது. அதனால் தீனியை உயரத்தில் வைப்போம். குதிரை வைத்திருக்கிற வீட்டில் இது தெரியாதவர்கள் கிடையாது.

"என்ன தம்பி, வாளிக்கு இவ்வளவு மரியாதை?"

"குனிஞ்சு குனிஞ்சு அதுக்கு இடுப்பு வலி அண்ணி."

"இடுப்பா, கழுத்தா?"

அவன் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தான். "அண்ணன் காதுல போட்டுடாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் எதிரே ஆமாம் சாமி போட்டுவிட்டு, தன் குதிரையை மட்டும் காப்பாற்றிக்கொண்டான். கறுப்பி எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"அவர் குதிரையை அவருக்குத் தெரியாம நான் தொட முடியுமா? நீங்க தொடுவீங்களா?"

தொட்டேன். அவர் வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்யப் போன நேரத்தில் டாக்டரம்மாவை வரச் சொன்னேன். கொழுந்தன் வாசலைப் பார்த்துக்கொண்டே தலையைப் பிடித்தான். கறுப்பிக்கும் ஊசி போட்டாயிற்று.

சாயங்காலம் கறுப்பியின் கழுத்து விறைத்துக்கொண்டது. வாளியை உயரத்தில் வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தரையில் வைத்தால் அது பட்டினி. அவர் அந்தப் பக்கம் போனதும் வாளியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பேன். செருப்புச் சத்தம் கேட்டால் கீழே வைப்பேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாளி முக்காலியின் மேல் இருந்தது. அவர் உட்கார்ந்து டீ குடிக்கிற முக்காலி. அவர் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க..." என்றேன்.

"வாளியை எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டே நிப்பே? கை கடுக்காது?"

"நீங்கதானே ஊசி வேண்டாம்னீங்க."

"பிடிக்க மாட்டேன்னுதானே சொன்னேன். போட வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கறுப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெள்ளை அன்னிக்கு என்னை நம்பித் தலையைக் கொடுத்துச்சு. இன்னொரு தடவை அப்படிப் பிடிக்க என் கைக்கு வராது. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

இத்தனை நாள் அவரிடம் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஊசி. இதற்குள் கறுப்பியை என் கைக்குப் பழக்கியிருந்தேன். டாக்டரம்மா வருகிற அன்று, வண்டிக்கு ஆணி வாங்கி வாருங்கள் என்று அவரைக் கடைக்கு அனுப்பினேன்.

என்ன ஆணி என்று அவர் கேட்கவில்லை. முக்காலியைக் கறுப்பியின் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, கறுப்பியின் தலையை மார்போடு சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன்.