பதினொரு மணி நேர்காணல்

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த வேதநாயகத்துக்கு வந்த முதல் நேர்காணல் அது. காலை பதினொரு மணிக்கு, மடிக்கணினி வழியாக. நேற்று மூன்று முறை ஒழுங்காகத் திறந்த பழைய கணினி, பத்து ஐம்பதுக்கு அசையவேயில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடித்தார். செல்பேசியில் நேர்காணலுக்கு அனுப்பியிருந்த இணைப்பு திறக்க மறுத்தது. பதினொன்று நாற்பதுக்குத் திரை தானாக ஒளிர்ந்தது. இணைப்பைத் திறந்தார்; நேர்காணல் முடிந்துவிட்டதாக அதில் ஒரு வரி.

கதவுக்கு வெளியிலிருந்து மனைவி ஜெசிந்தா கேட்டாள்: “என்னங்க, லைன் கெடச்சிட்டா?”

“கெடச்சிட்டு. சத்தம் போடாத.”

அடுப்படியில் மிக்ஸி உடனே நின்றது. அவர் காலரைச் சரிசெய்துகொண்டு, அந்த ஒற்றை வரியைப் பார்த்தபடி, தன் பெயரையும் பதினெட்டு வருட அனுபவத்தையும் வெளியே கேட்கும்படி சொல்லத் தொடங்கினார்.