துரையின் குணம்

பெட்டி படியைத் தாண்டவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவளுடைய கொழுந்தன் கனகவேல். எதிரே துரை.

ராஜபாளையம் நாய். முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. நிறத்தைப் பார்த்துத்தான் அவள் கணவர் அப்படிப் பெயர் வைத்தார். இடுப்பு உயரம் இருக்கும். படிக்கும் கேட்டுக்கும் நடுவில் கால்களை ஊன்றி நின்றது.

குரைக்கவில்லை. பல்லைக் காட்டவில்லை.

கனகவேல் வலப்பக்கம் நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. அவசரமே இல்லை அதற்கு.

"மதினி, இவனக் கொஞ்சம் கூப்பிடுங்க. உள்ள வரும்போது பேசாமத்தான இருந்தான்?"

"வெறுங்கையாத்தான தம்பி வந்தீங்க."

காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, அக்கா சேலதான்னு அதுகிட்டச் சொல்லுங்க!"

சேலைகள்தான். அவர் மனைவியே மடித்து அடுக்கியவை. அவள் கணவரின் காரியம் முடிந்த மறுநாளே பேசி முடித்திருந்தார்கள். ஒற்றைப் பொம்பளை ஊர்க்கோடியில் இருக்க வேண்டாம். மதுரையில் மாடியறை சும்மா கிடக்கிறது. வீட்டைப் பூட்டிவிடலாம். நாயைத் தோப்புக்காரர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

அவள் நிலைக்கதவில் கைவைத்தபடி துரையைப் பார்த்தாள்.

வருகிறவர்களிடமெல்லாம் அவள் கணவர் இதன் குணத்தை மாப்பிள்ளைக்குப் பெண் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்வார். பிஸ்கட்டுக்கு மசியமாட்டான். அடுத்தவர் தடவினால் பிடிக்காது. காரணமில்லாமல் வாயைத் திறக்கமாட்டான். யாரையும் உள்ளே விடுவான், ஆனால் ஒரு துரும்பை வெளியே எடுத்துப்போக விடமாட்டான்.

"நான் ஒண்ணும் பழக்கலை. பிறவியிலேயே இவன் அப்படி."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும். அவள் உள்ளேயிருந்து சிரித்துக்கொள்வாள்.

கனகவேலுக்கு வியர்த்துவிட்டது. பெட்டியைக் கை மாற்றினார். துரையின் கண்ணும் அந்தக் கைக்கு மாறியது.

"சங்கிலிய எடுத்துட்டு வந்து கட்டிப்போடுங்க மதினி. அன்னைக்கு நீங்கதான கட்டுனீங்க?"

அன்றைக்கு.

நாலு பேர் தூக்கிக்கொண்டு இதே படியிறங்க வேண்டியிருந்தது. இதே இடத்தில் துரை நின்றது. இதே மாதிரி. வெளியே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். யார் அதட்டியும் அசையவில்லை. கடைசியில் அவள்தான் எழுந்து வந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துப்போய்க் கட்டினாள்.

அவளோடு அது மல்லுக்கட்டவில்லை. நடந்து வந்தது.

"அன்னைக்குக் கட்டுனேன் தம்பி," என்றாள்.

குரல் உயரவில்லை. நிலைக்கதவிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

கனகவேல் அவளைப் பார்த்தார். காரிலும் சிரிப்பு நின்றிருந்தது.

மெதுவாகக் குனிந்து பெட்டியைப் படியில் வைத்தார்.

துரை ஒதுங்கிக்கொண்டது. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்த ஆள் மாதிரி கொய்யா மர நிழலில் போய்ப் படுத்து, முன்கால்மேல் தாடையை வைத்தது.

அவர் கேட்டைத் தாண்டித் திரும்பினார்.

"துணிய அப்புறம் பாத்துக்கலாம். நீங்க வாங்க மதினி."

அவள் கைகள் வெறுமையாக இருந்தன. வழியில் யாரும் இல்லை.

படியிறங்கினாள். செருப்புப் போடாமலே வந்தாள். கொய்யா மரத்தைக் கடந்தாள். துரை தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து அவள் கைகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

கேட்டுக்கு வந்து நின்றாள்.

"வெயிலுக்கு முந்திக் கெளம்புங்க. தங்கச்சிக்கு ஆகாது," என்றாள்.

கேட்டைச் சாத்தினாள்.

கொண்டி உள்பக்கம் இருந்தது.